உப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளுக்கு

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்பு அடுப்படியோடு முடிகிற சங்கதி இல்லை. கிணற்றுக்குள் இறங்குகிறது, ஜன்னல் கம்பியில் ஏறுகிறது, வயலில் படிகிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து வீராம்பட்டினம் வரை பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசை என்று ஒன்றும் பெரிதாக இல்லை, வேண்டியதை மட்டும் படிக்கலாம். ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்: உப்பு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். உப்பு அதிகமுள்ள பக்கம் நோக்கித் தண்ணீர் நகரும்.

எங்க வீட்டு போர் தண்ணி உப்பா இருக்கு, சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. கடல் உள்ள வந்துடுச்சா?

முதலில் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரிக்கிறதா? கரிக்காமல், சோப்பு மட்டும் நுரைக்கவில்லை, பக்கெட்டிலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாகப் படிகிறது என்றால் அது கடலின் வேலை இல்லை. மண்ணிலும் பாறையிலும் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து வந்த கடினநீர் அது. இரண்டையும் நாம் உப்புத் தண்ணி என்றே சொல்லிவிடுவதால்தான் குழப்பம். கடினநீரைக் குடித்தால் பெரிய கெடுதல் இல்லை. துணிக்கும் தலைமுடிக்கும்தான் தொல்லை.

நாக்கில் கரித்தால் குளோரைடு அதிகம் என்று அர்த்தம். குடிநீருக்கான இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாத ஊரில் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கரைந்திருக்கும் மொத்த உப்புகளை டி.டி.எஸ். என்கிறார்கள். அதற்கான எல்லை 500, வேறு வழியில்லாத இடத்தில் 2,000. கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குள் இருக்கும் வீடு, சில வருடத்துக்கு முன் நன்றாக இருந்த தண்ணீர், இப்போது கோடைக்குக் கோடை கரிப்பு கூடுகிறது என்றால் கடலைச் சந்தேகப்படலாம்.

அது எப்படி வருகிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனமானது. அதனால் கடற்கரை மணலுக்கு அடியில் மழைநீர், கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்கு இப்படி: நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் ஒருவரும் அதற்குப் பின் ஜெர்மன்காரர் ஒருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த கணக்கு இது. இதன் மறுபக்கம்தான் நமக்கு ஆபத்து. மோட்டார் போட்டு இறைத்து மேலே அரை மீட்டர் மட்டம் குறைத்தால், அடியிலிருந்து உவர்நீர் 20 மீட்டர் ஏற வழி விடுகிறோம்.

ஆகவே கரையோரத்தில் "இன்னும் ஆழமாப் போடுங்க, நல்ல தண்ணி வரும்" என்கிற போர்க்காரர் பேச்சை யோசித்துக் கேளுங்கள். களிமண் அடுக்குக்கு அடியில் தனியாக நல்ல நீர் அடைபட்டிருக்கும் இடங்களில் அது பலிக்கும். மற்ற இடங்களில் ஆழம் போகப் போக உவரைத்தான் தொடுவீர்கள். மீனவர் குப்பங்களில் கடற்கரை மணலில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி, ஊற ஊற மொண்டு குடித்தார்களே, அந்தக் காலத்தில் இந்தக் கணக்கு யாரும் படிக்கவில்லை. ஆனால் மிதக்கும் நல்ல தண்ணீரின் மேல்தோலை மட்டும் எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காய்ச்சினா உப்பு போயிடாதா?

போகாது, கூடும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். பாத்திரத்தில் மிஞ்சும் தண்ணீரில் அதே உப்பு நெருக்கமாகிறது. காய்ச்சினால் கிருமி சாகும், கடினத்தன்மையில் ஒரு பகுதி படிந்து இறங்கும், அவ்வளவுதான். வடிகட்டித் துணி, மணல், கரி எதுவும் கரைந்த உப்பைப் பிடிக்காது.

உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும். சவ்வுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் வைத்தால், இயல்பாக அது உப்பு அதிகமுள்ள பக்கம் போகும். அதை அழுத்தம் கொடுத்து எதிர்த்திசையில் தள்ளுவதுதான் ஆர்.ஓ. வீட்டு போர் தண்ணீருக்குச் சின்ன மோட்டார் போதும். கடல்நீருக்கு, காற்றழுத்தத்தைப் போல 50, 60 மடங்கு அழுத்தம் தேவை. அதனால்தான் 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் சென்னைக்காகத் தொடங்கிய கடல்நீர் ஆலைகளுக்கு மின்சாரச் செலவு பெரும் செலவு.

கடல்ல எவ்வளவு உப்பு இருக்கு? எல்லாக் கடலும் ஒரே கரிப்பா?

உலகச் சராசரி லிட்டருக்கு 35 கிராம். வங்காள விரிகுடா இதைவிடக் கொஞ்சம் சப்பென்றிருக்கும். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் இதில்தான் வந்து விழுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தென்பெண்ணையும் கெடிலமும் புரண்டு வரும்போது நம் கரையோரக் கடலின் மேல்தண்ணீர் இன்னும் இளகும். முகத்துவாரத்தில் அப்போது ஆற்று நீர் மேலேயும் கடல்நீர் அடியிலேயும் தனித்தனியாக நிற்கும். இதுவும் அந்த இரண்டரைச் சதவீதக் கனத்தின் வேலைதான். படகு ஆற்றிலிருந்து கடலுக்குள் போனதும் ஒரு பொடி உயரம் எழும்புவதற்கும் அதே காரணம்.

உப்பு போட்டா பருப்பு வேகாதுன்னு மாமியார் சொல்றாங்க. நிஜமா?

மாமியார் பார்த்தது நிஜம், காரணம்தான் வேறு. பருப்பின் தோலும் செல் சுவரும் பெக்டின் என்ற பசையால் இறுகியிருக்கின்றன. கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பசையை மேலும் கெட்டியாக்கும். மேலே சொன்ன கடினமான போர் தண்ணீரில் வேகவைத்தால் பருப்பு நறநற என்றுதான் இருக்கும். சோடியம் அதற்கு நேர்மாறு: கால்சியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்து பசையை இளக்கும். கொண்டைக்கடலையை உப்புப் போட்டு ஊறவைத்துப் பாருங்கள், தோல் வெடிக்காமல் மெத்தென்று வேகும்.

புளி விஷயத்தில் மாமியார் சொல்வதை அப்படியே கேளுங்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேகாமல் நின்றுவிடும். வெந்த பிறகுதான் புளியை ஊற்ற வேண்டும்.

உப்பு போட்டா தண்ணி சீக்கிரம் கொதிக்குமா?

இல்லை. கொதிநிலை ஏறத்தான் செய்யும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஒரு லிட்டருக்கு 58 கிராம் உப்பைக் கொட்டினால் ஒரு டிகிரி உயரும். அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சமையலுக்குப் போடும் 10 கிராமில் கால் டிகிரிகூட ஏறாது. குக்கர் 120 டிகிரியைத் தொடுவது அழுத்தத்தால்.

குல்பி வண்டிக்காரர் ஐஸ்ல எதுக்குக் கல்லுப்பு போடறார்? உருகிடாதா?

உருக வேண்டும் என்றுதான் போடுகிறார்.

ஐஸும் தண்ணீரும் ஒன்றாக இருக்கும் இடத்தில் இரண்டு வேலை ஓயாமல் நடக்கிறது. ஐஸிலிருந்து மூலக்கூறுகள் கழன்று தண்ணீருக்குப் போகின்றன, தண்ணீரிலிருந்து சில வந்து ஐஸில் ஒட்டுகின்றன. 0 டிகிரியில் போவதும் வருவதும் சமம். உப்பு கரைந்தால் தண்ணீர் அதன் பிடியில் சிக்கிக்கொள்கிறது. ஐஸுக்குத் திரும்பி ஒட்டுவது குறைய, கழல்வது மிஞ்சுகிறது, ஐஸ் உருகுகிறது. உருகுவதற்கு வெப்பம் வேண்டுமே? ஒரு கிலோ ஐஸ் உருகத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம். அவ்வளவு வெப்பத்தையும் அந்த ஐஸ், பக்கத்தில் இருப்பதிலிருந்தே உருவுகிறது. பானைக்குள் பக்கத்தில் இருப்பது குல்பி அச்சு. பால் உறைகிறது.

வெறும் ஐஸில் பால் உறையாது. பாலில் சர்க்கரை கரைந்திருப்பதால் அதன் உறைநிலையும் 0 டிகிரிக்குக் கீழே போய்விடுகிறது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்று போட்டால், கலவை மைனஸ் 21 டிகிரி வரை இறங்க முடியும். உப்பைக் கொண்டு அதற்குக் கீழே போக முடியாது, அதற்கு மேல் போடும் உப்பு கரையாமல் அடியில் கிடக்கும். தூள் உப்பு சட்டென்று கரைந்து வடிந்துவிடும். கல்லுப்பு மெல்லக் கரைந்து ராத்திரி முழுக்கக் குளிரைக் காப்பாற்றும்.

துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனிக்குள் போனீர்களானால் இதையே பெரிய அளவில் பார்க்கலாம். ஐஸ் பார் உறையும் தகர டப்பாக்கள் ஒரு பெரிய தொட்டியில் இறங்கியிருக்கும். தொட்டியில் இருப்பது உப்புக் கரைசல், மைனஸ் 10 டிகிரி வாக்கில். அம்மோனியாக் குழாய்கள் அந்தக் கரைசலைக் குளிர்விக்கும், கரைசல் டப்பாவைக் குளிர்விக்கும். நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தால் தொட்டியே மொத்தமாக உறைந்து குழாயோடு ஒட்டியிருக்கும்.

ஐஸ் பார் ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கு, நடு மட்டும் வெள்ளையா இருக்கே?

தண்ணீர் உறையும்போது தன்னோடு உப்பைச் சேர்த்துக்கொள்ளாது. ஓரத்திலிருந்து உறைந்து வரும்போது உப்பையும் கரைந்த காற்றையும் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் உறையும் நடுப்பகுதியில் எல்லாம் சிக்கிக்கொள்ளும். துருவக் கடலிலும் இதுதான். அங்கே கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வாக்கில்தான் உறைகிறது. உறைந்த பனியில் உப்பு குறைவு, வெளியே தள்ளப்பட்ட கரிப்பு நீர் கனத்தால் கீழே மூழ்கிப் போகிறது.

வெளிநாட்டுல ரோட்டுல உப்பு கொட்டுறாங்களாமே?

ஆமாம், அதே காரணத்துக்குத்தான். மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதா உப்பு அவ்வளவாகப் பலிப்பதில்லை. அப்போது கால்சியம் குளோரைடு போடுகிறார்கள். ரோட்டோரச் செடிகளும் கார்களின் அடித்தகடும் அதற்கு விலை கொடுக்கின்றன.

பசங்க கையில உப்பு வெச்சு மேல ஐஸ் கட்டியை அழுத்தி வீடியோ எடுக்கறாங்க. ஆபத்தா?

ஆபத்து. குல்பியை உறைய வைக்கும் அதே குளிர்தான் தோலையும் உறைய வைக்கிறது. மரத்துப் போவதால் வலி தெரியாது, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். உடனே கழுவிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வையுங்கள். தேய்க்காதீர்கள். கொப்புளம் வந்திருந்தால் டாக்டரிடம் போங்கள்.

கருவாடு ஏன் கெடுவதில்லை? சில சமயம் இளஞ்சிவப்பா ஆகுதே, சாப்பிடலாமா?

மீனைக் கெடுக்கும் பாக்டீரியாவுக்கு வேண்டியது மீனில் இருக்கும் தண்ணீர். உப்பை அடைத்தால் மீனின் நீர் வெளியே வடியும். உள்ளே மிஞ்சும் நீரையும் உப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் இருக்கும், ஆனால் பாக்டீரியாவுக்குக் கிடைக்காது. பாக்டீரியாவின் உடம்பிலிருந்தே நீர் வெளியேறிவிடும். இந்த "கிடைக்கும் தண்ணீரை" அளக்க ஒரு கணக்கு உண்டு. சுத்தமான தண்ணீருக்கு 1 என்று வைத்தால், பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே பெருகாது. இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்புச் சேர்ந்த நீருக்கு 0.75. நடுவில் தப்பிப் பிழைக்கிற முரடுகள் சில உண்டு. அதனால்தான் உப்பை மட்டும் நம்பாமல் வெயிலிலும் காயப் போடுகிறோம்.

பெரிய மீனுக்கு நாலு பங்குக்கு ஒரு பங்கு உப்பு என்பது பரவலான கணக்கு. வயிற்றைக் கீறிக் குடல் எடுத்து, சதையில் கோடு கிழித்து உப்பை உள்ளே அழுத்த வேண்டும். தடித்த சதையின் நடுவுக்கு உப்பு போய்ச் சேருமுன் அது அழுக ஆரம்பித்துவிடக் கூடாது. நெத்திலி மெல்லிசு, வெயிலே போதும், உப்பில்லாமலே காய்ந்துவிடும். மலிவான அழுக்கு உப்பு போட்டால் அதிலுள்ள மெக்னீசியத்தால் கருவாடு கசக்கும், ஈரமும் இழுக்கும்.

இளஞ்சிவப்புக்கு வருவோம். அது உப்பை விரும்பியே வாழும் நுண்ணுயிர்களின் நிறம். பாக்டீரியா போலத் தெரிந்தாலும் வேறு குலம். உப்பளத்து உப்போடு அவையும் வந்துவிடுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டும்போது சில பாத்திகளில் தண்ணீர் செக்கச்செவேலென்று தெரிவதும் இவற்றாலும், ஒரு வகைப் பாசியாலும்தான். கருவாட்டில் அந்தச் சிவப்பு வந்தால் சதை கொழகொழக்கும், நாற்றம் அடிக்கும். லேசாகத் தெரிந்ததும் கழுவிக் காயவைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் வாங்காதீர்கள். கருவாட்டில் சிவப்புத் தெரிகிறதென்றால் ஈரத்தில் கிடந்திருக்கிறது என்று பொருள். ஈரத்தில் வேறு என்னென்ன வளர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது.

மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுதே?

மேலே சொன்ன 0.75 இங்கேயும் வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் ஊரில் மழைக்காலத்தில் மட்டுமில்லை, பல நாள் விடியற்காலையிலும் அதைத் தாண்டிவிடும். ஐப்பசியில் கருவாடு பிசுபிசுப்பதும், கடலில் குளித்துவிட்டு வந்த சட்டை காயாமல் ஒட்டுவதும் இதே கணக்குத்தான். மெக்னீசியம் கலந்த கல்லுப்பு இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். இறுக மூடும் பீங்கான் ஜாடியில் வையுங்கள். பிடி அரிசி போட்டு வைக்கும் வழக்கம் ஓரளவு பலன் தரும்.

ஊறுகாயில உப்பைக் குறைச்சா என்ன?

ஃபிரிட்ஜில் வைப்பதானால் குறைக்கலாம். வெளியில் வைக்கும் மாவடு, எலுமிச்சைக்கு உப்பைக் குறைத்தால் முதலில் மேலே பூஞ்சை கட்டும். பூஞ்சை, பாக்டீரியாவைவிடக் குறைந்த ஈரத்தில் வாழப் பழகியது. காய் உப்பு நீரில் முழுக்க முங்கியிருக்க வேண்டும், ஈரக் கரண்டி போடக் கூடாது.

இட்லி மாவுக்கு உப்பு அரைக்கும்போதா, புளித்த பிறகா என்ற சண்டை ஓயாது. இட்லிக்குப் போடும் அளவு உப்பை, மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தாங்கும், கொஞ்சம் நிதானமாக வேலை செய்யும். ஆகவே சித்திரை வெயிலில் முதலிலேயே போடுங்கள், மாவு பொங்கி வழியாது. மார்கழியில் பிறகு போடுங்கள்.

பீச்சுல மாங்காய்க்கும் அன்னாசிக்கும் உப்பு தூவினா இனிக்குதே?

சோடியம் நாக்கில் கசப்பை அமுக்குகிறது. கசப்பு அடங்கினால் அடியில் கிடந்த இனிப்பு மேலே வருகிறது. பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறி வைப்பதில் இரண்டு லாபம்: கசப்புச் சாறும் வடியும், மிச்சக் கசப்பும் அடங்கும்.

கடல்ல வாழற மீன் ஏன் உப்பா இல்ல?

வஞ்சிரத்தின் இரத்தத்தில் கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு உப்புத்தான். சுற்றிலும் கரிப்பு அதிகம் என்பதால் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே கசிகிறது. அதை ஈடுகட்டக் கடல்நீரையே குடிக்கிறது, கூட வரும் உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. ஏரி மீனுக்குத் தலைகீழ்: தண்ணீர் தானாக உள்ளே வரும், குடிக்க வேண்டியதில்லை, ஓயாமல் சிறுநீராகக் கழிக்கும். கொடுவாவும் மடவையும் இரண்டு வித்தையும் தெரிந்தவை. அதனால்தான் உப்பங்கழியிலும் கடலிலும் கிடைக்கின்றன.

சுறாவின் வழி தனி. உப்புக்குப் பதிலாக யூரியாவை இரத்தத்தில் சேர்த்து வைத்துக் கடலுக்குச் சமமாகிக்கொள்கிறது. செத்த பிறகு அந்த யூரியா அம்மோனியா ஆகிறது. வாங்கிய சுறா மூக்கைத் துளைத்தால் காரணம் அதுதான். புட்டு செய்பவர்கள் முதலில் வேகவைத்துத் தோலுரித்து, தண்ணீரைப் பிழிந்து போடுவதில் அந்த நாற்றமும் போய்விடுகிறது.

தை, மாசியில் முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையின் கண்ணில் நீர் வழியும். பிரசவ வேதனை என்று சொல்வார்கள். கண்ணருகே இருக்கும் சுரப்பி வழியாக அது உப்பைக் கழிக்கிறது. கடலுக்குள் இருக்கும்போதும் வழிந்துகொண்டேதான் இருக்கும், நமக்குத் தெரியாது.

கடல் தண்ணியைக் குடிச்சா என்ன ஆகும்?

நமக்குச் செவுளும் இல்லை, அந்தச் சுரப்பியும் இல்லை. நம் சிறுநீரகம் சுமார் 2 சதவீத உப்புள்ள சிறுநீரைத்தான் ஆக்க முடியும், கடல்நீர் மூன்றரை. ஒரு லிட்டர் குடித்தால் அதன் உப்பைக் கழிக்க ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகும், மிச்சம் உடம்பிலிருந்து போகும். தாகம் கூடும். குளிக்கும்போது ஒரு வாய் போனால் பயப்பட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதுதான் நம் இரத்தத்தோடு ஒத்துப்போகிற அளவு.

வயித்துப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் சேர்த்துக் குடுக்கறது ஏன்? உப்பு மட்டும் போதாதா?

போதாது. குடல் சுவரில் சோடியத்தை உள்ளே கடத்தும் ஒரு வாசல், குளுக்கோஸ் கூட வந்தால்தான் திறக்கும். சோடியம் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில் தீர்ந்த நிலையில், திலீப் மகலானபிஸ் என்ற மருத்துவர் இந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலக்கி வாய் வழியாகவே கொடுக்க வைத்தார். முகாமில் 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. உப்பு செய்த நல்ல காரியங்களில் இதற்கு ஈடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுதான் சரி. கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. உப்பைக் கூட்டினால் குழந்தைக்கு ஆபத்து. கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு? இந்துப்பு நல்லதா?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 5 கிராமுக்குள் என்கிறது, ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு துண்டு கருவாடு, ஒரு கரண்டி ஊறுகாய், ஒரு அப்பளம் சேர்ந்தால் சாம்பாரை எண்ணாமலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். உப்பு கூடினால் உடம்பு அதை நீர்க்க வைக்கத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும், காலப்போக்கில் இரத்த அழுத்தம் ஏறும்.

இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். நிறம் இரும்பால் வருவது. எடைக்கு எடை கல்லுப்பும் தூளும் ஒன்றே. கல்லுப்பில் இடைவெளி அதிகம் என்பதால் ஸ்பூனுக்குக் குறைவாக ஏறும். அயோடின் இருக்கிறதா என்று பாக்கெட்டில் பாருங்கள். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பது 2006 முதல் நாடு முழுக்கத் தடை. கடையில் "குறைந்த சோடியம்" என்று வருவதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பிச்சாவரத்துல மட்டும் மரம் எப்படி உப்புத் தண்ணியில வளருது?

இரண்டு வித்தை. சுரபுன்னை, வேரிலேயே உப்பை வடிகட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் உறிஞ்சுகிறது, வீட்டு ஆர்.ஓ. மின்சாரம் கொடுத்துச் செய்வதை இலையின் இழுவிசையால் செய்கிறது. வெண்கண்டல் உப்பை உள்ளே விட்டு, பிறகு இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே துப்புகிறது. படகில் போகும்போது அதன் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும், வெயிலில் பொடி உப்பாகவே மினுங்கும்.

அதற்காக எவ்வளவு உப்பையும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் பரவியிருக்கும் இந்தக் காட்டின் ஒரு பகுதி ஒரு காலத்தில் மொட்டையாகிக் கிடந்தது. முன்பு அரசுத் தரப்பில் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மரங்களை மொத்தமாக வெட்டியதில் மண் காய்ந்து தாழ்ந்து, தொட்டி போலாகிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏறி வரும் நேரத்தில், உள்ளே வந்த கடல்நீர் வெளியேறாமல் தேங்கியது, வெயிலில் வற்றியது, மறுபடி வந்தது. உப்பு ஏறி ஏறிக் கடலைவிடக் கரித்தது, விதை முளைக்கவில்லை. ஆடு மாடு மேய்ந்ததும், ஊர்க்காரர் வெட்டியதும்தான் காரணம் என்று பழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து, மீன் முள் போலக் கிளை கிளையாக வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் வந்து போக வழி கிடைத்தது, உப்பு கழுவிக்கொண்டு போனது, நட்ட கன்று பிடித்தது. 2004 சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு என்பது எல்லோரும் அறிந்த கதை.

வயல்ல கடல் தண்ணி ஏறினா மண் செத்துடுமா? தென்னைக்கு மட்டும் ஏன் உப்பு போடறாங்க?

மணல் கலந்த மண்ணாக இருந்து நல்ல மழை பெய்தால் பிழைத்துக்கொள்ளும். சுனாமிக்குப் பிறகு இனி எத்தனை வருடமோ என்று பயந்தார்கள். 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து, பல வயல்களில் உப்பைக் கழுவிவிட்டது. களிமண்ணில் கதை வேறு. சோடியம் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும், தண்ணீர் இறங்காது. அங்கே ஜிப்சம் போட வேண்டும். அதன் கால்சியம் சோடியத்தைப் பெயர்க்கும், பிறகு தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் உதவும். நெல்லில் கோ 43, திருச்சி 1 போன்ற ரகங்கள் உவர், களர் மண்ணை ஓரளவு தாங்கும்.

தென்னைக்குக் குளோரின் ஒரு சத்து. கடலுக்குத் தூரமான செம்மண் தோப்பில் கொஞ்சம் உப்புப் போட்டால் பலன் உண்டு. தாழங்குடாவிலும் அரியாங்குப்பத்திலும் காற்றே உப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறது, குழிக்குள் வேறு கொட்டுவானேன்?

நத்தைக்கு உப்பு போட்டா கரையுதே?

கரையவில்லை. அதன் உடம்பு நீர் முழுக்க வெளியே வந்துவிடுகிறது. பார்க்கச் சகிக்காது. தோட்டத்தில் செய்தால் செடிக்கும் அதே கதிதான். கையால் எடுத்துப் போடுங்கள்.

கேட், சைக்கிள், ஃபேன் எல்லாம் இங்க ஏன் சீக்கிரம் துருப்பிடிக்குது?

துரு என்பது இரும்பின் மேல் நடக்கும் ஒரு மின்வேதி வேலை. அதற்கு ஈரம் வேண்டும், அந்த ஈரம் மின்னோட்டத்தைக் கடத்த வேண்டும். உப்பு இரண்டையும் கொடுக்கிறது. அலையிலிருந்து தெறித்த துளி காற்றில் காய்ந்து கம்பியில் படிகிறது. ஜாடி உப்பு போலவே ராத்திரி ஈரத்தை இழுத்துக் கரைசலாகிறது. போதாததற்குக் குளோரைடு, எவர்சில்வரைக் காக்கும் மெல்லிய மேல்தோலையும் துளைத்துவிடும். மழை படாத இடுக்கில்தான் அதிகம் அரிக்கும். எனவே கேட்டின் உள்பக்கத்தையும் வண்டியின் அடிப்பக்கத்தையும் வாரம் ஒரு முறை கரிக்காத தண்ணீரில் கழுவுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் கழுவிக் காயவைக்காவிட்டால் உப்பின் மேலேயே அடிக்கிறீர்கள், அடுத்த மழைக்குள் கொப்புளிக்கும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் தப்பாது. சிமென்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கும், குளோரைடு உள்ளே ஊறினால் அந்தக் காவல் போய்விடும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் கழுவாத கடல் மணலையும் கரிக்கிற போர் தண்ணீரையும் கலவைக்கு விடாதீர்கள். கம்பிக்கு மேல் கான்கிரீட் கனம் கூடுதலாக இருக்கட்டும், மேஸ்திரி "இவ்ளோ எதுக்கு சார்" என்றாலும்.